கயிறு தாங்கும் கவசம்

ஆக்லாந்துக்கு வரும் விருந்தினர் யாரும் ஈஸ்ட் டாமாக்கியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. டாமாக்கி ஆற்றுக்குக் கிழக்கே, பட்டறைகளும் கிடங்குகளும் அடுத்தடுத்து நிற்கும் தொழிற்பேட்டை அது. க்ரையர்ஸ் ரோடு, ஹாரிஸ் ரோடு, ஸ்பிரிங்ஸ் ரோடு என்று எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ஷட்டர் திறந்திருக்கும். உள்ளே வெல்டிங் பொறி தெறிக்கும். மூச்சுக் கருவிகள் செய்யும் ஃபிஷர் அண்ட் பேக்கல் ஹெல்த்கேர் இருப்பதும் இங்கேதான், பத்துப் பேர் வேலை செய்யும் தகட்டுப் பட்டறைகள் இருப்பதும் இங்கேதான். முன்பு இந்த நிலத்தில் எரிமலைக் குன்றுகள் இருந்தன. ஓட்டாரா குன்றைக் கல்லுக்காக அடியோடு வெட்டித் தீர்த்தார்கள். கிரீன்மவுண்டையும் வெட்டினார்கள்; பிறகு அந்தப் பள்ளத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பழகிய எனக்கு, மூன்று கடல் தாண்டி வந்த பிறகும் பவர் பிரஸ்ஸின் சத்தம் கேட்கும் தெரு ஒன்று கிடைத்ததில் பெரிய நிம்மதி.

எங்கள் பட்டறையில் காற்றுக் குழாய்களுக்கான தகடும், பிராக்கெட்டும், மூடிகளும் செய்வோம். 2018 குளிர்காலத்தில் ஒருவர் சிறிய அட்டைப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ஒரே ஒரு இரும்புத் தகடு. 3 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம், தலைப்பக்கம் வளைவு, ஓரங்களில் இரண்டிரண்டாகத் துளைகள், நடுவே தனியாக ஒன்று. இதே போல ஐந்நூறு வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். உடுத்துவதற்கு என்று சொன்னார்.

அவர் பழைய காலப் போர்முறையை வார இறுதிகளில் நடித்துக் காட்டும் குழு ஒன்றைச் சேர்ந்தவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது புதிதில்லை. பக்கத்திலேயே, பக்கூரங்காவில், ஹாவிக் வரலாற்றுக் கிராமம் 1980-இலிருந்து இருக்கிறது. 1847 முதல் இங்கே குடியேற்றப்பட்ட, பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களின் வீடுகளை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து உடையில் தொண்டர்கள் அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவதை என் மகளுக்குக் காட்டியிருக்கிறேன். இந்த மனிதர் போக நினைத்தது அதைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பின்னால்.

தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன், என்னோடு பிரஸ்ஸில் நிற்பவன், "உதென்ன அண்ணை, மீன் செதிலோ?" என்று கேட்டான். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். செதில் கவசம் வேறு. அதில் சின்னத் தகடுகளை ஒரு துணியிலோ தோலிலோ தைத்துவிடுவார்கள். மேல் வரிசை கீழ் வரிசையை மூடிக்கொண்டு தொங்கும். ஆங்கிலத்தில் லமெல்லர் என்று சொல்லும் இந்தக் கோப்புத் தகட்டுக் கவசத்துக்குப் பின்துணியே கிடையாது. ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டோடு தோல் வாராலோ கயிற்றாலோ கட்டப்பட்டு ஒரு வரிசையாகும். அந்த வரிசை மேல் வரிசையிலிருந்து மறுபடி வாரால் தொங்கும். பெரும்பாலும் கீழ் வரிசைதான் மேல் வரிசையின் மேல் ஏறி நிற்கும். வாரை உருவிவிட்டால் உங்கள் காலடியில் இரும்புக் குவியல்தான் இருக்கும்.

அந்தக் குவியலைத்தான் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். அசீரியாவின் அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களில் இந்தக் கவசம் போட்ட வீரர்கள் நிற்கிறார்கள். பைசாண்டியத்தில், புல்வெளி நாடோடிகளிடத்தில், சீனத்தில், கொரியாவில், ஜப்பானில் எல்லாம் இருந்திருக்கிறது. ஆனால் மண்ணுக்கடியில் இரும்பு துருவாக நிற்கும், தோல் மக்கிவிடும். ஸ்வீடனில் பிர்கா என்ற பழைய வணிக நகரத்தின் படைவீட்டில் பத்தாம் நூற்றாண்டுத் தகடுகள் பல வடிவங்களில் கிடைத்தன. எது எதோடு சேர்ந்திருந்தது என்பதை அவற்றின் துளைகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. துளை எத்தனை, எங்கே, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, துருவில் தோலின் தடம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதிக் கவசம்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீதிப் பாதியை யாராவது உட்கார்ந்து கட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த வேலையில் நான் இறங்கிய காரணம் அதுதான்.

ஸ்வீடனின் கோட்லாந்து தீவிலுள்ள விஸ்பி இதில் ஒரு விதிவிலக்கு. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசன் வால்டெமாரின் படை அந்த நகரத்தின் மதிலுக்கு வெளியே தீவின் விவசாயிகளை வெட்டிச் சாய்த்தது. ஏறக்குறைய 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு. கோடை வெயிலில் உடல்கள் கெடத் தொடங்க, கவசத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது தகடுகள் எலும்புக்கூட்டின் மேல் கிடந்த ஒழுங்கிலேயே கிடைத்தன. பெங்ட் தோர்டெமன் 1939–40-இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை இந்தத் துறையின் மூலநூல். அங்கே கிடைத்த தகட்டுக் கவசங்களில் பெரும்பாலானவை துணிக்குள்ளோ தோலுக்குள்ளோ தகடு வைத்து ஆணி அடித்தவை. கோப்புத் தகட்டுக் கவசம் ஒன்றும் இருந்தது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காமல் இருக்க முயல்கிறேன். நாம் மாதிரியாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு தகடும் கடைசியாக யாரோ ஒரு குடியானவனின் மார்பில் இருந்தது, அது அவனைக் காப்பாற்றவில்லை.

முதலாளியிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த பிறகு மிச்சத் தகட்டில் வேலையைத் தொடங்கினேன். 1 மில்லிமீட்டர் சிஆர் ஷீட், அதாவது குளிர்நிலையில் உருட்டிய தகடு. லேசரில் வெட்டக் கொடுத்திருந்தால் வெளிவடிவமும் துளையும் ஒரே மூச்சில் வந்துவிடும். ஆனால் லேசர் தொட்ட விளிம்பு இறுகி, அடியில் உருகிய கசடு மணிமணியாக ஒட்டியிருக்கும். தோல் வாருக்கு அதுதான் எமன். அதனால் வெட்டுவதற்கான அச்சாக ஒரு சின்ன டை செய்து பிரஸ்ஸிலேயே வெட்டித் துளையிட்டேன். பிரஸ்ஸில் ஒரு பக்கம் மட்டும்தான் பிசிறு நிற்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதை ஒடுக்குவது எளிது. ஒவ்வொரு துளையின் வாயையும் பெரிய டிரில் முனையால் இரண்டு பக்கமும் லேசாகச் சீவிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பீங்கான் கற்களோடு அதிர்வுத் தொட்டியில் போட்டு உருட்டினேன். எடுக்கும்போது விளிம்பில் விரலை அழுத்தி இழுத்தாலும் கீறாது. அந்தப் பதம் வரும்வரை ஒரு தகட்டையும் வெளியே விடவில்லை. இன்று விலைக்கு வரும் மாதிரிக் கவசங்கள் பலவற்றில் இந்த ஒரு வேலையைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். வாங்கிய புதிதில் அழகாக இருக்கும். நாலு முறை உடுத்தினால் வார் அறுந்து தொங்கும்.

அடுத்தது கறுப்பேற்றுவது. தகட்டைச் சூடாக்கி ஆளிவிதை எண்ணெயில் தோய்த்தால் ஆழ்ந்த கறுப்பு ஏறும், துருவுக்கும் ஓரளவு தடை. நாகப் பூச்சு உள்ள ஜிஐ ஷீட்டை மட்டும் யாரும் இப்படிச் சூடாக்கக் கூடாது, அதன் புகை நஞ்சு. பட்டறைக்காரனுக்கு இது பாலபாடம். வீட்டுக் கொல்லையில் கவசம் செய்யும் இளைஞர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்லிவைக்கிறேன்.

தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிராம். ஐந்நூறு சேர்ந்தால் 10 கிலோ. தோள் வாரும், உள்ளே போடும் பஞ்சு அங்கியும் சேர்த்தால் இன்னும் சில கிலோ கூடும். என் பங்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தபோது அந்த மனிதர் தயங்கி நின்றார். "கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் குழுவில் யாரும் இல்லை. படம் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது" என்றார். என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன்.

படத்தைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றவில்லை. என் அப்பா திண்டிவனத்தில் நாடாக் கட்டில் பின்னுவார். நாடா எப்போதும் ஒரு பக்கம் இழுபட்டால் மறுபக்கம் தளரும். அந்தத் தளர்ச்சியைக் கடைசிச் சட்டம்வரை துரத்திக்கொண்டு போய்த்தான் முடிச்சுப் போட வேண்டும். கவசத்தின் வரிசையும் அப்படியேதான். நடுவில் எங்கும் முடிச்சு விழக் கூடாது. நடுவில் முடிச்சுப் போட்டால் அந்த இடம் மட்டும் விறைத்து, உடுத்தியவர் குனியும்போது முழு எடையும் அங்கே வந்து விழும்.

வரிசை கட்டுவது முதல் கட்டம். ஒரு தகட்டின் வலது ஓரம் அடுத்த தகட்டின் இடது ஓரத்தை மூடும். இரண்டின் துளைகளும் நேர்கோட்டில் வரும். வார் முன்னாலிருந்து பின்னால் போய், பின்னால் ஏறி, மறுபடி முன்னால் வரும். வெளியே தெரியும் வார் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, வெட்டு விழுந்தால் அறுபடுவது வெளியே தெரிவதுதான். வரிசை முடிந்ததும் கீழ் விளிம்புக்கு மெல்லிய தோலால் கரை கட்ட வேண்டும். இரண்டாம் கட்டம், வரிசைகளைத் தொங்கவிடுவது. இங்கேதான் கை பழக வேண்டும். இறுக்கினால் கவசம் பலகையாகிவிடும், உட்காரவே முடியாது. தளர்த்தினால் வரிசைக்கு வரிசை இடைவெளி விழும், கத்தி முனை நுழைய அது போதும். சரியான இழுப்பில் இருந்தால் ஆள் உட்காரும்போது வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அடுக்கிக்கொள்ளும், எழுந்தால் தானாக இறங்கும். சங்கிலிக் கவசத்துக்கும் கெட்டித் தகட்டுக் கவசத்துக்கும் இப்படி அடுக்கிக்கொள்ளும் தன்மை கிடையாது. இந்தக் கவசத்தின் உயிர் அதில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

2021 ஆகஸ்ட் 17 இரவு நாடு மூடப்பட்டது. மற்ற ஊர்கள் சில வாரங்களில் திறந்துகொள்ள, ஆக்லாந்து மட்டும் டிசம்பர்வரை அடைபட்டுக் கிடந்தது. பட்டறை பூட்டிய அந்த நாட்களில் இரண்டாவது கவசம் ஒன்றுக்கான தகடுகள் என் கராஜில் இருந்தன. மனைவியும் மகளும் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொண்டார்கள். மனைவியின் இழுப்பு ஒரே சீராக இருந்தது. மகள் வேகமாகக் கட்டுவாள், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கொஞ்சம் இறுகிப்போகும். கட்டி முடித்த வரிசைகளைச் சுவரில் தொங்கவிட்டால் எது யார் கட்டியது என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. விஸ்பியிலும் பிர்காவிலும் இரும்பு அடித்த கொல்லனைப் பற்றி எழுதுகிறார்கள். வார் கோத்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் எத்தனை கைகள் இதில் இருந்தன என்பதற்கு ஒரு தடமும் இல்லை.

அந்த மாதங்களில் ஜப்பானியக் கவசங்களைப் பற்றி நிறையப் படித்தேன். அவர்களும் தகடு கோத்தவர்கள்தான். தகட்டுக்கு அரக்குப் பூசி, பட்டுக் கயிற்றால் நெருக்கமாகப் பின்னுவார்கள். வண்ணவண்ணமாகத் தெரியும் அந்தப் பின்னல்தான் சாமுராய் கவசத்தின் அழகு. சகாகிபாரா கோசான் என்பவர் 1800-இல் கவசக் கலையைப் பற்றி எழுதிய நூலில் அந்த நெருக்கப் பின்னலின் குறைகளைப் பட்டியல் போடுகிறார்: மழையில் நீர் குடித்துக் கனக்கும், குளிரில் உறைந்து விறைக்கும், நீண்ட போர்ப் பயணத்தில் பேன் அடையும், ஈட்டி முனை வழுக்கிப் போகாமல் அதில் மாட்டிக்கொள்ளும். போர் பெருகிய பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் அகலத் தகட்டுக்கும் நெருக்கமில்லாத பின்னலுக்கும் மாறிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கயிறு நனைந்து கனப்பதையும் பேன் அடைவதையும் உடுத்தியவன்தானே சொல்ல முடியும்!

கயிறு மிஞ்சிய இடங்களும் உலகில் உண்டு. சீனப் பேரரசன் சின் ஷிஹுவாங் கல்லறை வளாகத்தில் 1998-இல் கண்டுபிடித்த குழி முழுக்கக் கல் கவசங்கள். சுண்ணாம்புக் கல்லை மெல்லிய தகடாகச் சீவித் துளையிட்டு, செப்புக் கம்பியால் கோத்திருக்கிறார்கள். மீட்டுக் கட்டிய ஒன்றில் 612 தகடுகள், எடை 18 கிலோ. யாரும் உடுத்துவதற்காகச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை, இறந்தவனின் படைக்கு. கோத்தது செம்பு என்பதால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் பின்னலைப் படிக்க முடிகிறது. நம் பக்கத்தில் இரும்பு வளையத்தால் தகடுகளைப் பிணைத்தார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் ஒரு யானைக் கவசம் நிற்கிறது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியட்டா கிளைவ், இந்தியாவிலிருந்து 1801-இல் கொண்டு போனது. பல பகுதிகள் தொலைந்த பிறகும் 5,840 தகடுகள், 118 கிலோ. வளையமும் தகடும் எல்லாம் இரும்பு என்பதால் குலையாமல் இருக்கிறது. யானை தாங்கும், மனிதன் தாங்க மாட்டான். திபெத்திலோ குளிர்ந்த வறண்ட காற்றும் மடாலயங்களின் காவலும் சேர்ந்து, இரும்புத் தகட்டுக் கவசங்களைப் பழைய தோல் வாரோடு முழுதாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2006-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. இன்று நான் கட்டும் பின்னல் திபெத்தியக் கவசங்களைப் பார்த்துக் கற்றது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கோப்புத் தகட்டுக் கவசம் வந்ததா என்று நண்பர்கள் கேட்பார்கள். நம் கோயில் தூண்களில் வாளேந்திய வீரர்கள் பெரும்பாலும் வெற்று மார்போடு நிற்கிறார்கள். நம் வெயிலுக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் புறநானூற்றின் 13ஆம் பாட்டில் ஏணிச்சேரி முடமோசியார் காட்டும் சோழன் கோப்பெருநற்கிள்ளி யானை மேல் கவசத்தோடு வருகிறான். அம்பு அந்தக் கவசத்தைக் கிழித்திருக்கிறது. உரைகாரர் அதைப் புலித்தோல் கவசம் என்கிறார். அதற்கு மேல் அந்தத் தோல் எப்படித் தைக்கப்பட்டது, எதனால் கட்டப்பட்டது என்று நான் கற்பனை செய்து ஒரு "சோழர் கவசம்" கட்டிக் காட்டினால் அது பொய். அப்படி ஒன்றைச் செய்து தரச் சொல்லிப் பண்பாட்டு விழாக்காரர்கள் கேட்டார்கள். மேடைக்கான உடை என்று அறிவித்துப் போடுவதென்றால் செய்து தருகிறேன், வரலாறு என்று சொல்வதென்றால் முடியாது என்றேன். அறிவிப்பில் அப்படியே சொன்னார்கள், செய்து கொடுத்தேன்.

இந்த வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். மேடைக்கும் படத்துக்கும் செய்யும் கவசம் தாழ்ந்தது என்று சில வரலாற்றுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நியூசிலாந்தில் அப்படிப் பேசவே கூடாது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக வெலிங்டனின் வேட்டா ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொன்றாகக் கையால் பிணைத்துச் சங்கிலிக் கவசம் செய்தார்கள். வளையங்களின் கணக்கு ஒரு கோடியைத் தாண்டும். நடிகர் நாள் முழுக்க ஓட வேண்டும், குதிரையேற வேண்டும். இரும்பைப் போட்டால் மதியத்துக்குள் படுத்துவிடுவார். டரனாகியில் எடுத்த 'தி லாஸ்ட் சாமுராய்' படத்துக்கு உடை வடிவமைத்த நைலா டிக்சனும் இந்த நாட்டுக்காரர்தான். அலுமினியத்தில் செய்தால் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கும் நாடகத்துக்கும் அலுமினியமும் நைலான் கயிறும்தான் சரி, நானே அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். ஆனால் அலுமினியக் கவசம் உடம்பில் கிடக்கும் விதமே வேறு. எடையால் கீழே இழுபட்டு வரிசைகள் தாமாகப் படிய வேண்டும்; எடை இல்லாவிட்டால் அவை தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் போர்முறையைக் கற்க நினைப்பவர் அதை உடுத்தினால் தவறாகக் கற்பார். விற்பவர் இதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

குழுக்களுக்குள்ளும் இதே தகராறு உண்டு. கோப்புத் தகட்டுக் கவசம் செய்வது மற்றவற்றோடு ஒப்பிட்டால் எளிது, விலையும் குறைவு. அதனால் வைக்கிங் வேடம் போடுகிறவர்கள் உலகெங்கும் இதை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்துக்கென்று பிர்காவைத் தவிர ஆதாரம் சொற்பம், பிர்காவின் தகடுகளிலும் கீழைநாட்டுச் சாயல் தூக்கல். ஆகவே பல குழுக்கள் இதைத் தடுக்கின்றன, அல்லது காரணம் காட்டினால்தான் அனுமதிக்கின்றன. என்னிடம் முதலில் வந்தவர் நாள் கணக்கில் யோசித்து, கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போய்ப் பைசாண்டியப் பேரரசனிடம் கூலிக்குச் சேர்ந்த வடநாட்டு வீரனாகத் தன் வேடத்தையே மாற்றிக்கொண்டார். செருப்பு முதல் இடைக்கச்சைவரை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சட்டைக்காக இவ்வளவா என்று அவர் மனைவி கேட்டாராம். அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது.

வாருக்குத் தோல் தேடியது தனிக் கதை. நியூசிலாந்தில் மான் வளர்ப்பு 1969 முதல் சட்டப்படி நடக்கும் தொழில், மான்தோல் நல்லதாகவே கிடைக்கும். மென்மை, ஆனால் நீளும் தன்மை அதிகம். கட்டி ஒரு கோடைக்குள் எல்லா வரிசையும் கீழே இறங்கிவிடும். எனக்கு ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல் வேண்டும் என்று தோன்றியது. வாணியம்பாடிப் பக்கம் அந்தப் பழைய முறை இன்னும் முழுக்க அழியவில்லை. ஊருக்குப் போனபோது வாங்கி வந்தேன். ஆக்லாந்து விமான நிலையத்தில் விலங்குப் பொருள் எதுவானாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் 400 டாலர் அபராதம். அறிவித்தேன். அதிகாரி சுருளைப் பிரித்து முகர்ந்து பார்த்து, முடியோ பச்சைத் தோலோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு விட்டுவிட்டார். அந்தத் தோலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே நீளமான வாராக அறுத்து, தேன்மெழுகு தேய்த்து, எடை கட்டித் தொங்கவிட்டு முன்கூட்டியே நீட்சியை எடுத்துவிட்டேன். ஆக்லாந்தின் ஈரக் காற்றில் இரும்புக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் பட்டால் வார் ஊறித் தளரும். அதனால் இரண்டுக்கும் மெழுகையே பூசுகிறேன்.

வரிசை ஒன்றை ஸ்மோகோ நேரத்தில், அதாவது எங்கள் காலை டீ இடைவேளையில், பட்டறை மேசையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பசிபிக்கின் கிரிபாஸ் (கிரிபாட்டி) தீவுகளிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கள் ஆட்களும் கவசம் செய்வார்கள். இரும்பு கிடையாது. எல்லாம் கயிறுதான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். பசிபிக் கூடத்தில் அவர் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். தேங்காய் நார்க் கயிற்றை அடர்த்தியாகப் பின்னிய உடுப்பு. மார்பும் முதுகும் தடித்த பாய்போல் விறைத்து நிற்கிறது. தலைக்குப் பின்னால் உயர்ந்த பலகை. தலையில் முள் பேத்தை மீனின் காய்ந்த தோலாலான தொப்பி. எதிராளியின் ஆயுதம் சுறாப் பல் வரிசையாகக் கட்டிய வாள். கவசத்தின் மேல் மனித முடியால் பின்னிய கட்டங்கள். பவளத் தீவுகளில் இரும்புத் தாது கிடையாது, தென்னை உண்டு, கடல் உண்டு. அதை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். ஒரு தகடும் இல்லாத கவசம்! அத்தனை நாள் வாரை இழுத்துக் கட்டிய என் விரல்களுக்கு அந்தப் பின்னலின் இறுக்கம் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

இதிலும் மறுபடி கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் இந்த நாட்டிலேயே. 2017 வாக்கில் கிறிஸ் சார்ட்டரிஸ், லிஸி லெக்கி, கேட்டேட்டா வாட்சன் ஆகிய கலைஞர்கள் 'கௌட்டன் ரபகவு' என்ற பெயரில் ஒரு கிரிபாஸ் கவசத்தை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பசிபிக் ஆய்வுத் திட்டத்துக்காகப் புதிதாகச் செய்தார்கள். கிறித்தவ மதமும் காலனி ஆட்சியும் வந்து போர்கள் நின்ற பிறகு கவசம் செய்வதும் நின்றுபோயிருந்தது. பழைய கவசங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, முடிச்சை அவிழ்க்காமலே முடிச்சைக் கண்டுபிடித்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள். நகல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுந்த ஒரு கைவேலை மறுபடி ஓடத் தொடங்கியது என்பேன். அந்தப் பெரியவர் கண்ணாடிக்கு முன் நின்று தொடையில் கையை வைத்துக் கயிறு திரிக்கும் சைகை செய்து காட்டினார். நம் ஊர்க் கீற்றுப் பந்தல்காரர்களும் அதே இடத்தில்தான் திரிப்பார்கள் என்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் கயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கவசத்தை நான் உடுத்திப் பார்த்தது ஒரு மார்ச் மாதத்தில், குழு பயிற்சி செய்யும் திடலில். முதலில் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. அதன் மேல் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, பக்கவாட்டில் நுழைந்து தோள் வாரைக் கட்டினார்கள். எடை முழுக்கத் தோளில் இறங்கியது, மூச்சு வாங்கியது. இடையில் அகலமான பெல்ட்டை இறுக்கியதும் பாதி எடை இடுப்புக்கு மாறியது, நிமிர்ந்து நிற்க முடிந்தது. பழைய சிற்பங்களில் இடையில் கச்சு இறுக்கிக் கட்டியிருப்பதன் காரணம் அந்த நொடியில் புரிந்தது. அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மண்டியிட்டேன், வரிசைகள் கலகலவென்று மேலே ஏறி அடுக்கிக்கொண்டன. எழுந்தேன், இறங்கிப் படிந்தன. கையை முன்னால் நீட்டுவது எளிது, மார்புக்குக் குறுக்கே கொண்டு வருவது கடினம். அக்குளில் இரண்டு தகடு குறைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மொண்ணை முனைக் கத்தியால் ஓர் இளைஞன் விலாவில் தட்டினான். ஒரு தகட்டில் விழுந்த அடியைப் பக்கத்துத் தகடுகள் வாங்கிக்கொண்டன. அழுத்தம் பரவியது தெரிந்தது, குத்தல் தெரியவில்லை. ஓடவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் உடம்பு நனைந்துவிட்டது, பஞ்சு அங்கி வியர்வையைக் குடித்துக் கனத்தது. கோசான் இருநூறு ஆண்டுக்கு முன் எழுதியது ஞாபகத்துக்கு வந்தது.

அன்று மாலை கழற்றிப் பார்த்தபோது கீழ் வரிசையில் ஓரிடத்தில் வார் அறுந்திருந்தது. சுற்றியிருந்த தகடுகள் விலகவில்லை. வார் இருமுறை ஓடுவதால் ஒன்று போனாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். திடலிலேயே புல்லில் உட்கார்ந்து, அறுந்த இடத்தை மட்டும் உருவி, புது வார் ஓட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கெட்டித் தகட்டில் பள்ளம் விழுந்தால் கொல்லனிடம் கொண்டு போக வேண்டும். சங்கிலி அறுந்தால் வளையமும் குறடும் வேண்டும். இதற்கு ஓர் ஊசியும் ஒரு முழம் தோலும் போதும். அசீரியா முதல் கொரியாவரை இத்தனை படைகள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறெந்தக் காரணத்தையும்விட இது பெரிது என்று எனக்குப் படுகிறது. போர்முனையில் பட்டறை கிடையாது.

கத்தியால் தட்டிய அந்த இளைஞன் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் கராஜுக்கு வந்து கட்டக் கற்கிறான். மகள்தான் அவனுக்குச் சொல்லித் தருகிறாள். இழுப்பைக் கடைசிவரை துரத்து என்று என் அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லித் தருகிறாள். நான் தோல் தகடுகளில் இறங்கியிருக்கிறேன். இரும்புக்கு வசதியில்லாதவர்களும் இரும்பு கிடைக்காதவர்களும் பதப்படுத்தாத மாட்டுத் தோலைத்தான் தகடாக வெட்டிக் கோத்திருக்கிறார்கள். திபெத்திலும் மங்கோலியாவிலும் அரக்குப் பூசிய அப்படிப்பட்ட தகடுகள் உண்டு. ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் காயவிட்டால் எலும்புபோல இறுகுகிறது. காயும்போது துளை சுருங்குவதால் இரும்பில் 3 மில்லிமீட்டர் போட்ட இடத்தில் இதில் 4 போட வேண்டியிருக்கிறது. டையின் துளையிடும் முனையை மாற்றிக் கடைந்துகொண்டிருக்கிறேன்.